கமடோர் வீட்டு வம்பும் ஒரு கறுப்புப் பெட்டியும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "உன் வீட்டுக்காரர் இன்னும் குப்பை பொறுக்குகிறாரா?" என்று கேட்டிருந்தாய். அந்த வரியை அவருக்கே வாசித்துக் காட்டினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடிக்குப் போனவர், சாப்பாட்டுக்குத்தான் இறங்கி வந்தார். ஆகவே பதில்: ஆமாம்டி, பொறுக்குகிறார். பழைய கம்ப்யூட்டர் போதாதென்று இப்போது அதற்கு சிடி டிரைவ் வேறு. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தத் தடவை நானும் கூட்டுக் களவாணி. அதனால்தான் இவ்வளவு நீளக் கடிதம். அடுப்பில் எதையும் வைத்துவிட்டுப் படிக்காதே, தீய்ந்துவிடும்.

இங்கே லெஸ்டரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய சாமான் விற்பார்கள், நீ வந்திருந்தபோது பீங்கான் கிண்ணம் வாங்கினாயே, அந்தச் சந்தைதான். அங்கே ஒரு பெரியவர் பழைய வீடியோ பிளேயர் என்று சொல்லி ஒரு கறுப்புப் பெட்டியை விற்றுக்கொண்டிருந்தார். இவர் அதைக் கண்டதும் வாய் பேசவில்லை. சொன்ன விலையை எடுத்துக் கொடுத்துவிட்டார். கத்தரிக்காய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற மனுஷன்! அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் மெதுவாகச் சொன்னார்: "இது வீடியோ பிளேயர் இல்லம்மா. சிடிடிவி."

கமடோர் கம்பெனி 1991-இல் விட்ட சாமான் அது. மேலுக்குத்தான் வீடியோ பிளேயர் வேஷம்; மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது அவர்களுடைய அசல் அமிகா 500 கம்ப்யூட்டர். அதே மோட்டரோலா 68000 சிப், 1 மெகாபைட் நினைவகம். கீபோர்டு கிடையாது, ஃபிளாப்பி டிரைவ் கிடையாது. ஒரு ரிமோட்டும் சிடி டிரைவும் மட்டும். கீபோர்டும் ஃபிளாப்பியும் வேண்டுமா, தனியாகக் காசு கொடு. அமெரிக்காவில் இதற்கு வைத்த விலை 999 டாலர். கம்ப்யூட்டர் என்று சொன்னால் ஜனங்கள் மிரண்டுவிடுவார்கள், அதனால் டேப் ரிக்கார்டர், டிவி வரிசையில் வைத்துப் பெரிய வீட்டுக் கூடங்களுக்கு விற்றுவிடலாம் என்று திட்டம். விற்றதா? கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் "இதே அமிகாவைக் கீபோர்டோடு பாதி விலையில் வாங்கலாமே" என்று ஒதுங்கினார்கள். தெரியாதவர்கள் இது என்ன செய்யும் என்றே புரியாமல் ஒதுங்கினார்கள்.

கமடோர் வீட்டு வம்பு உனக்குத் தெரியுமோ? எனக்கும் இவர் சொல்லித்தான் தெரியும். கேட்ட பிறகு தூக்கமே வரவில்லை. கம்பெனியை உண்டாக்கியவர் ஜாக் டிராமியேல். போலந்தில் பிறந்த யூதர், ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் போயும் உயிர் பிழைத்தவர். அமெரிக்காவுக்கு வந்து டைப்ரைட்டர் பழுது பார்ப்பதில் தொடங்கி, கமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் வரை கம்பெனியைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1984 ஜனவரியில், பணம் போட்டுத் தலைவராக இருந்த இர்விங் கூல்டோடு முட்டிக்கொண்டு வெளியேறினார். வெளியே வந்தவர் சும்மா இருந்தாரா? அதே வருஷம் ஜூலையில் போட்டிக் கம்பெனியான அடாரியின் வீட்டுக் கம்ப்யூட்டர் பிரிவையே விலைக்கு வாங்கிவிட்டார். இப்போது மறுபக்கம் பார். அடாரியைத் தொடங்கியவர் நோலன் புஷ்னெல். அவரை கமடோர் பிற்பாடு கூட்டிவந்து, இந்த சிடிடிவியை ஊருக்கு அறிமுகப்படுத்தும் பொறுப்பில் உட்கார வைத்தது! நம் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்களே, அந்தக் கணக்கில் இரண்டு வீட்டுக்காரர்களும் ஆளை மாற்றிக்கொண்டார்கள். சம்பந்தம் இரண்டு பக்கமும் விளங்கவில்லை.

இவர் கூட்டாளிகள் கூடினால் புஷ்னெலைத் திட்டுவார்கள், கூல்டைத் திட்டுவார்கள், விலையைத் திட்டுவார்கள். எனக்கென்னவோ வேறு காரணம் தோன்றுகிறது. ஒரு சிடியில் 650 மெகாபைட் பிடிக்கும். அமிகா ஃபிளாப்பி ஒன்றில் 880 கிலோபைட். கணக்குப் போட்டுப் பார், ஒரு சிடிக்குள் ஏறக்குறைய 750 ஃபிளாப்பி அடங்கும். அந்தக் காலத்து வீட்டு அமிகாவில் ஹார்ட் டிஸ்க் இருந்தாலே பெரிய விஷயம், அதுவும் 20 மெகாபைட், 40 மெகாபைட்தான். இப்படி ஒரு இடம் திடீரென்று கைக்கு வந்தால் அதில் எதை வைப்பது? கமடோருக்குத் தெரியவில்லை. ஒரு கலைக்களஞ்சியம் போட்டார்கள், குழந்தைகளுக்குப் படக்கதை போட்டார்கள். விளையாட்டுகளில் பலவற்றை, இரண்டு ஃபிளாப்பியில் இருந்ததை அப்படியே தூக்கி சிடியில் வைத்து விற்றார்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் காலி. காலி இடத்தை விலை போட்டு விற்ற கதைதான் சிடிடிவி. அந்த இடத்தை நிரப்பத் தெரிந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அவர்களுக்காகத்தான் நான் இதில் இறங்கியதே.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால், பெட்டி சிடியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் துப்பியது. இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. திருப்புளி பிடித்தால் இவர் கை ஆடும், கண்ணாடி வேறு மூக்கில் நிற்காது. நான்தான் திறந்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. லென்ஸின் மேல் முப்பது வருஷத் தூசும் யாரோ குடித்த சிகரெட்டுப் புகையும் படிந்திருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் துடைத்தேன். லேசர் எரிகிறதா என்று குனிந்து பார்க்கப் போனார் இவர், தலையைப் பிடித்து இழுத்தேன். சிடியைப் படிக்கிற லேசர் அகச்சிவப்பு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். மறுபடி மூடி, பவர் போட்டதும் படித்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி இவரே தோசை வார்த்துக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்.

இந்த டிரைவில் சிடியை அப்படியே போடவும் முடியாது. கேடி என்று ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையோடு உள்ளே தள்ள வேண்டும். அந்தக் காலத்து சிடி டிரைவ்கள் பலவும் அப்படித்தான். தூசு படாமல் நல்ல பாதுகாப்பு, மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு அந்த உறை சாதாரணமாகக் கடையில் கிடைக்காது. இவருடைய பழைய கம்ப்யூட்டர் குழுவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் ஒரு டிராயர் நிறைய இருக்கிறது. அவரை எல்லோரும் எப்படித் தாங்குகிறார்கள் தெரியுமா! டீ போட்டுக் கொடுப்பதென்ன, கார் வைத்துக் கூட்டிப்போவதென்ன. மனுஷன் ஒரு உறையைக்கூடச் சும்மா கொடுத்ததில்லை.

வேகத்தைப் பற்றி நீ கேட்பாய், எனக்குத் தெரியும். அந்த டிரைவ் நொடிக்கு 150 கிலோபைட் படிக்கும். இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு சிடியை முழுதும் படிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாட்டு கேட்கிற வேகம்தான், வேறொன்றுமில்லை. தகடு எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றாது. உள்வட்டத்தைப் படிக்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளிவிளிம்புக்கு வரும்போது 200. லென்ஸ் தாண்டித் தாண்டிப் போகும்போதெல்லாம் மோட்டார் வேகத்தை மாற்றிக்கொண்டு நிலைக்கு வர வேண்டும், அதனால் கொஞ்சம் தடுமாறும். ஆனால் பழசோடு வைத்துப் பார்த்தால் மதிப்பு தெரியும். கமடோர் 64-இன் ஃபிளாப்பி டிரைவ் நொடிக்குச் சுமார் 400 பைட் கொடுக்கும். அந்த வேகத்தில் ஒரு சிடியை வாசித்து முடிக்க ராப்பகலாக ஏறக்குறைய 20 நாள்!

எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி வேறு. சில விளையாட்டுகளில் பின்னணி இசை அவ்வளவு சுத்தமாக ஒலிக்கிறதே, இந்தத் துக்கடா சிப் எப்படிச் சமாளிக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சமாளிக்கவே இல்லை! "மூன்றாவது பாட்டைப் போடு" என்று டிரைவுக்கு ஒரு உத்தரவு கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. பாட்டை டிரைவே பாடித் தன் ஒலிக் கம்பி வழியாக அனுப்புகிறது. இது தெரியாமல் பழைய அமிகாவில் புது டிரைவை மாட்டுகிறவர்கள் டேட்டா கேபிளை மட்டும் செருகிவிட்டு, விளையாட்டில் சத்தமே வரவில்லை என்று புலம்புவார்கள். டிரைவின் பின்னால் ஒலிக்கென்று தனிச் செருகி இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி எடுத்து, கம்ப்யூட்டரின் ஒலியோடு கலக்க வேண்டும்.

சிடிடிவி முடிந்ததும் சனியன் அடுத்த மேஜைக்குத் தாவியது. அங்கே இவருடைய அமிகா 1200 இருக்கிறது, 1992-இல் வந்த மாடல். அதற்கும் சிடி டிரைவ் வேண்டுமாம். இதில்தான் உண்மையான கூத்து. அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஹார்ட் டிஸ்க் மாட்ட 44 முள் உள்ள சின்ன ஐடிஇ செருகி ஒன்று இருக்கிறது. சிடி டிரைவின் செருகியோ 40 முள், பெரிய சைஸ். நடுவில் ஒரு பலகை வைத்து இணைக்க வேண்டும். மாட்டினாலும் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. ஏனென்றால் அதன் ராமில், மன்னிக்கணும், ரோமில் எழுதியிருப்பது ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் பாஷை மட்டும். சிடி டிரைவ் பேசுவது அட்டாபி என்ற வேறு பாஷை. இரண்டுக்கும் நடுவே பேச ஒரு டிரைவர் நிரல் போட வேண்டும். ஆலிவர் காஸ்டல் என்பவர் எழுதிய ஐடிஇஃபிக்ஸ் அதற்கு நல்ல பெயர் வாங்கியது. அதற்கு மேலே, சிடியில் இருக்கும் கோப்புகளைக் கோப்புகளாகக் காட்ட ஒரு கோப்பு முறை. ஃபிராங்க் முங்கர்ட் எழுதி இலவசமாகக் கொடுத்த அமிசிடிராம் போதும். கடைசியாக, எந்த டிரைவர், எத்தனையாவது யூனிட், எந்தக் கோப்பு முறை என்று மூன்றையும் எழுதி சிடி0 என்று பெயர் வைத்து டாஸ்டிரைவர்ஸ் டிராயரில் ஒரு கோப்பு. அதில் ஒரு எழுத்து தப்பினாலும் டிரைவ் விளக்கு மினுக்கும், திரையில் ஒன்றும் வராது.

இதெல்லாம் முதலில் ஃபிளாப்பி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்பதைக் கவனித்தாயா? சிடி டிரைவ் வேலை செய்யத் தேவையானதை சிடியில் வைத்துக் கொடுக்க முடியாதே. 1999-இல் அமிகாவுக்குப் புது இயங்குதளம் 3.5 வந்தபோது சிடியில் மட்டும்தான் விற்றார்கள். டிரைவ் இல்லாதவர்கள் முதலில் டிரைவ் வாங்கி, பழைய இயங்குதளத்தில் அதை ஓட வைத்து, அப்புறம்தான் புதுசை ஏற்ற முடியும். அந்த வருஷம் எத்தனை வீட்டில் சண்டை நடந்ததோ.

கரண்ட் விஷயத்தில் மட்டும் நான் கறார். அமிகா 1200-இன் சொந்தப் பவர் சப்ளை சின்னது, சிடி டிரைவின் மோட்டாரையும் சேர்த்து இழுக்கச் சொன்னால் திணறும். பழைய பிசியின் பவர் சப்ளை ஒன்றைக் கழற்றித் தனியாகக் கொடுத்துவிட்டேன். மேஜைக்கடியில் அது உறுமிக்கொண்டே இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

பெட்டியைத் திறக்கவே பிடிக்காதவர்களுக்கு வேறு வழி இருந்தது. அமிகா 1200-இன் பக்கவாட்டில் லேப்டாப்பில் இருப்பதுபோல பிசிஎம்சிஐஏ துவாரம் உண்டு. ஹைசாஃப்ட் கம்பெனியின் ஸ்குவிரல் என்ற அட்டையை அதில் செருகினால் ஸ்கஸி என்ற வேறு வகை இணைப்பில் ஓடும் டிரைவ்களைத் தொங்கவிடலாம். ஸ்கஸியில் ஒவ்வொரு சாதனத்துக்கும் 0 முதல் 7 வரை ஒரு எண், சங்கிலியின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர். இதை ஒழுங்காகச் செய்தால் ஸ்கஸி தங்கமானது. செய்யாவிட்டால் காரணமே தெரியாமல் படுத்துக்கொள்ளும்.

பெயர் விவகாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. சிடியில் கோப்புகளை எந்த முறையில் எழுதுவது என்று ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள். 1985-இல் கம்பெனிக்காரர்கள் எல்லாம் கூடி ஒரு பொது முறைக்கு வந்தார்கள். எங்கே கூடினார்கள் தெரியுமா? அமெரிக்காவில் தாஹோ ஏரிக்கரையில் ஹை சியரா என்ற சூதாட்ட விடுதியில்! அந்த விடுதியின் பெயரையே அந்த முறைக்கும் வைத்தார்கள். அதுதான் சில மாற்றங்களோடு 1988-இல் ஐஎஸ்ஓ 9660 ஆனது. அதன் அடிப்படை நிலையில் கோப்புப் பெயர் எட்டெழுத்து, புள்ளி, மூன்றெழுத்து. அதுவும் பெரிய எழுத்து மட்டும். டாஸ்காரர்களுக்கு வசதி. அமிகாவோ 30 எழுத்துவரை நீளமாகப் பெயர் வைத்துப் பழகிய ஜாதி. விண்டோஸ் நீளப் பெயர்களுக்காகப் பிற்பாடு ஜோலியட் என்று ஒரு ஏற்பாடு செய்தது, ஆனால் பழைய அமிகா நிரல்கள் பலவற்றுக்கு அது தெரியாது. உன் லேப்டாப்பில் ஆசையாக எழுதிய சிடியை இங்கே போட்டால், எல்லாப் பெயரும் மொட்டையடித்து வந்து நிற்கும். நீளப் பெயருக்கான ராக் ரிட்ஜ் என்ற நீட்டிப்போடு எழுதினால் பிழைத்தோம்.

எழுதுவதிலும் பக்குவம் உண்டு. அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ பழைய டிரைவுக்கு ஆகாது. அதிலிருந்து திரும்பும் வெளிச்சம் அச்சடித்த சிடியில் திரும்புவதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஒருமுறை மட்டும் எழுதும் சிடி-ஆர் பெரும்பாலும் படித்துவிடும். 74 நிமிஷத் தகடு, குறைந்த வேகம், ஒரே மூச்சில் எழுதி மூடிவிட வேண்டும். கொஞ்சம் எழுதி, பிறகு மிச்சத்தை எழுதினால் பழைய டிரைவ் முதல் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்ளும்.

இவர் குழுவில் அடாரி ஆட்களும் உண்டு, ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு பழைய கம்ப்யூட்டரின் ஆட்களும் உண்டு. அமிகாக்காரர்களும் அடாரிக்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார மாட்டார்கள். ஸ்பெக்ட்ரம்காரர் ஒருவர், "உங்களுக்கெல்லாம் முன்னாலேயே எங்களுக்கு சிடி வந்துவிட்டது" என்று ஒரு நாள் பெருமை பீற்றினார். நான் நம்பவில்லை. ஆனால் உண்மைதான். 1989-இல் கோட்மாஸ்டர்ஸ் கம்பெனி 30 விளையாட்டுகளை ஒரு சாதாரண பாட்டு சிடியில் விற்றது. டிரைவே வேண்டாம். வீட்டில் பாட்டு கேட்கும் சிடி பிளேயரிலிருந்து ஒரு கேபிள் எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினால், கேசட்டில் கீச்கீச்சென்று விளையாட்டு ஏறுமே, அதே கீச்சொலி சிடியிலிருந்து ஏறும். ஜெர்மனியில் ரெயின்போ ஆர்ட்ஸும் அதே வருஷம் கமடோர் 64-க்கு இப்படி ஒன்று செய்தது. மூளைக்காரர்கள்தான், ஆனால் யாரிடம் சிடி பிளேயர் இருந்தது? இருந்தவர் வீட்டுக் கூடத்தில் இருக்கும், கம்ப்யூட்டரோ பையனின் அறையில். இன்றைக்கு கமடோர் 64-க்கு ஐடிஇ64 என்று ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, அதில் நிஜ சிடி டிரைவையே மாட்டலாம். 64 கிலோபைட் நினைவகம் உள்ள பெட்டி, தன்னைவிடப் பத்தாயிரம் மடங்கு பெரிய தகட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறது. பிரயோஜனம் என்னவென்று கேட்காதே. பார்க்க நன்றாக இருந்தது.

சரியாகச் செய்தவர்கள் ஜப்பான்காரர்கள். ஃபுஜிட்சு 1989 பிப்ரவரியில் எஃப்எம் டவுன்ஸ் என்று ஒன்று விட்டது. சிடி டிரைவைப் பிறவியிலேயே உடம்போடு சேர்த்து வைத்த வீட்டுக் கம்ப்யூட்டர். லேசருக்கு அடித்தளம் போட்ட ஆராய்ச்சிக்காக 1964-இல் நோபல் வாங்கிய சார்லஸ் டவுன்ஸ் பெயரைத்தான் வைத்தார்கள். தொடங்கத் தேவையான சின்ன டாஸை ரோமிலேயே வைத்து, சிடியைப் போட்டதும் ஓடும்படி செய்தார்கள். பிறகு ஒட்டவைப்பதற்கும் முதலிலேயே யோசித்துச் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கமடோரும் ஒட்டவைத்துப் பார்த்தது. சிடிடிவி படுத்ததும், 1992-இல் அமிகா 500-இன் இடுப்பில் மாட்ட ஏ570 என்று ஒரு டிரைவ். அது கடைக்கு வந்த அதே காலத்தில் அமிகா 500-ஐயே நிறுத்திவிட்டார்கள்! இதற்கு நான் என்ன சொல்ல. அடுத்து 1993-இல் சிடி32, விளையாட்டுப் பெட்டி, இரட்டை வேக டிரைவ். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் விழா வைத்து அறிமுகம் செய்தார்கள். போட்டியாளரான சேகா கம்பெனிக்காரர்கள் கண்ணில் படும்படி சீண்டல் விளம்பரப் பலகை வைத்தார்கள். இங்கிலாந்தில் நன்றாகவே விற்றது. அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழக்கு குறுக்கே விழுந்து இறக்குமதியே நின்றது. கையில் பணம் இல்லை. 1994 ஏப்ரல் 29 அன்று கமடோர் திவால். முடிந்தது கதை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. கம்பெனி போகிற சமயத்தில்தான் சிடியின் அந்தக் காலி இடம் நிரம்ப ஆரம்பித்தது. ஃபிரெட் ஃபிஷ் என்று ஒரு அமெரிக்கர். அமிகாவுக்காக யார் எந்த நிரல் எழுதி இலவசமாகக் கொடுத்தாலும் அதைச் சேகரித்து, எண் போட்டு, ஃபிளாப்பியில் பிரதியெடுத்து ஊர் ஊராகப் போகவிட்டார். 1980களில் தொடங்கி ஆயிரம் ஃபிளாப்பிக்கு மேல் போயிற்று அந்த வரிசை. ஆயிரம் ஃபிளாப்பியை எந்த வீட்டில் வைப்பது? சிடி வந்ததும் அத்தனையும் ஒன்றிரண்டு தகட்டில் அடங்கிவிட்டது. 1992-இல் அர்பன் மியூலர் என்பவரும் கூட இருந்த சுவிட்சர்லாந்து மாணவர்களும் தொடங்கிய ஆமிநெட் களஞ்சியமும் இப்படித்தான். இணைய வசதி இல்லாத வீடுகளுக்கு அது சிடி சிடியாகப் போய்ச் சேர்ந்தது. இசை நிரல்கள், எழுத்துருக்கள், படங்கள், யாரோ ஒரு பையன் பரீட்சை லீவில் எழுதிய சின்ன விளையாட்டு, "பிடித்திருந்தால் ஒரு தபால் அட்டை போடுங்கள்" என்று கேட்கும் வாசகத்தோடு. 1990களின் பின்பாதியில் இங்கிலாந்து அமிகாப் பத்திரிகைகளின் அட்டையிலேயே சிடி ஒட்டி வந்தது. அந்தச் சிடிகளைத்தான் நான் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன். இவர் தூங்கப் போன பிறகும் பார்க்கிறேன், போதுமா?

"அதான் எல்லாம் இணையத்தில் இருக்கே, பிறகெதற்கு டிரைவ்?" என்று இவருடைய கூட்டாளிகளே கேட்கிறார்கள். எஸ்டி கார்டைச் செருகினால் சிடி டிரைவ் மாதிரியே நடிக்கும் சின்னப் பலகைகள், புளூஸ்கஸி போன்றவை, இப்போது வந்துவிட்டன. சத்தமில்லை, லென்ஸ் இல்லை, பெல்ட் அறுவதில்லை. அன்றாடம் ஓட்டுவதற்கு அதுதான் நல்லது, நானே ஒன்று வாங்கச் சொன்னேன். ஆனால் அந்தக் கார்டுக்குள் போடுவதற்கு யாராவது முதலில் தகட்டைப் படித்துத் தர வேண்டுமே. தகடும் சாகிறது. இங்கே லங்காஷயரில் பிளாக்பர்ன் ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சடித்த சிடிகள் பல, மேல்பூச்சு அரித்து, ஓரத்திலிருந்து வெண்கல நிறமாகிப் பாழாயின. உறைக் காகிதத்தில் இருந்த கந்தகம் அதற்கு ஒரு காரணம்.

தகடு பிழைத்தாலும் படிக்கும் பெட்டி போய்விட்டால்? நம் பள்ளிக்கூடத்துக்கு 1980களில் மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் ஒரு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் வந்ததே, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே வம்சத்து பிபிசி மாஸ்டரை வைத்து இங்கே 1986-இல் ஒரு பெரிய வேலை செய்தார்கள். 1086-இல் நில அளவை எடுத்து எழுதிய டூம்ஸ்டே புத்தகத்துக்கு 900 வருஷம் ஆனதற்காக, பத்து லட்சம் பேர், அதில் ஏராளம் பள்ளிப் பிள்ளைகள், தங்கள் ஊரைப் பற்றி எழுதியதைப் பெரிய லேசர் தகடுகளில் ஏற்றினார்கள். பதினாறு வருஷத்தில் அதைப் படிக்கும் இயந்திரம் அருகிப்போய், பல்கலைக்கழகக்காரர்கள் சேர்ந்து தனித் திட்டம் போட்டு மீட்க வேண்டியதாயிற்று. ஆட்டுத்தோலில் எழுதிய 1086-ஆம் வருஷத்துப் பிரதி இன்றைக்கும் லண்டனில் பத்திரமாக இருக்கிறது.

அதனால் இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி அந்த நாளில் பிசி குவெஸ்ட், சிப் என்று பத்திரிகையாக வாங்கிக் குவித்தானே, அவற்றோடு வந்த சிடிகள் உங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன என்று நீயே சொல்லியிருக்கிறாய். தயவுசெய்து அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதே. மாடித் தோட்டத்தில் காக்கை விரட்டக் கட்டித் தொங்கவிடவும் வேண்டாம். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதே, மேலே பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதே. சிடியின் உயிர் அந்த எழுத்துப் பக்கத்தை ஒட்டிய மெல்லிய பூச்சில்தான் இருக்கிறது, கீறினால் போச்சு. தனித்தனி உறையில் போட்டு நிறுத்தி வை. சித்திரையில் அண்ணன் இங்கே வருகிறார் அல்லவா, அவரிடம் கொடுத்தனுப்பு. படித்து, பிரதியெடுத்து, தகட்டோடு திருப்பி அனுப்புகிறேன். வருகிற பெட்டியில் இடம் மிச்சமிருந்தால் கொஞ்சம் சுண்டைவற்றலும் வை.

உன் பிரியமுள்ள
சிநேகிதி